அந்த 4,500 டாலரைக் கொடுக்க வேண்டாம், தம்பி

தம்பி, போன கோடையில் சுவிஸிலிருந்து கனடாவுக்கு, டொரொண்டோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகருக்குக் குடிவந்ததாக எழுதியிருக்கிறீர்கள். மகன் பேர்ணில் ஐந்து வயதிலேயே ஸ்கேட் கட்டியவன், 2011 நவம்பரில் பிறந்தவன், இங்கே ஐஸ் ஹொக்கியில் டபுள் ஏ அணியில், அதாவது உச்சமான ட்ரிபிள் ஏக்கு ஒரு படி கீழே, ஃபோர்வர்ட், அணியில் அதிக கோல் அவனுடையதுதான், ஆனால் ஆள் சின்னன். அரீனாவில் ஒருவர் வந்து கைகொடுத்து, இவன் அடுத்த நிக்கோ ஹிஷியர், சுவிஸிலிருந்து வந்த அந்த என்எச்எல் நட்சத்திரம் மாதிரி என்றும், 4,500 டாலர் கட்டினால் வசந்தகாலப் போட்டிகளுக்குக் கூட்டிப்போய் அணிகளுக்குப் பிள்ளைகளைத் தேடும் ஸ்கவுட்டுகளின் கண்ணில் படவைப்பதாகவும் சொல்லியிருக்கிறார். கொடுக்கலாமா, பிள்ளை வட அமெரிக்காவின் உச்ச தொழில்முறை லீக்கான என்எச்எல் வரை போவானா, வீடு எந்தப் பக்கம் வாங்கலாம், சுவிஸ் பென்ஷன் காசை எப்படி மாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வீட்டுக்கும் பென்ஷனுக்கும் என்னைவிட விவரமானவர்கள் கனபேர் இருக்கிறார்கள். ஹொக்கிக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். கொடுக்க வேண்டாம்.

நான் 1990 பெப்ரவரியில் வந்து இறங்கியவன். முதல் வேலை ஸ்காபரோவில் ஒரு அரீனாவில் இரவுத் துப்புரவு. ஐஸ் ஹொக்கி என்றால் என்னவென்றே தெரியாது. விடிய நாலரைக்குக் கதவைத் திறந்து, மாப் போட்டு, குப்பை அள்ளி, ஐந்தே முக்காலுக்கு வரும் பிள்ளைகளுக்கு லைட் போட்டுவிட வேண்டும். இரண்டு வருடத்தில் ஐஸ் வழிக்கிற ஸம்போனியை ஓட்டவும் பழகிவிட்டேன். அந்தக் காலத்தில்தான் மேல் வரிசையில் தனியாக வந்து உட்காரும் மனிதர்களைக் கவனித்தேன். கையில் ஒரு சின்ன நோட்டு, ஒரு கோப்பி. பெற்றோர் கூட்டத்தோடு சேர மாட்டார்கள், கோல் விழுந்தாலும் கைதட்ட மாட்டார்கள். அவர்கள்தான் ஸ்கவுட்டுகள். அவர்களை யாரும் காசு கொடுத்துக் கூப்பிடவில்லை, அணி அனுப்பித்தான் வந்தார்கள். அதில் வயதான ஒருவர், நான் வாளியோடு நிற்பதைப் பார்த்துக் கூப்பிட்டு, பக்கை, அதுதான் அடிக்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டை, பார்க்காதே, ஒரு பிள்ளையைத் தெரிவுசெய்து அவன் பெஞ்சுக்குத் திரும்பும் வரை அவனை மட்டும் பார் என்றார். அன்றிலிருந்து அப்படித்தான் பார்க்கிறேன். இப்போது பதினோரு வருடமாக ஒரு ஜூனியர் அணிக்குப் பகுதிநேரமாக ஆட்டம் பார்த்துக் குறிப்பு எழுதிக் கொடுக்கிறேன். மாப் பிடித்த அதே கட்டடத்துக்குள் இன்று நோட்டோடு போய் உட்காருவது எனக்குப் பெருமைதான்.

சரி, உங்கள் மகனுக்கு வருவோம். அதிக கோல் என்கிறீர்கள். எப்படி விழுந்த கோல்கள்? தளத்தின் நடுச் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் நின்று நீளப் பாஸ் வாங்கி ஓடிப் போட்டவையா, கோல் வாசலில் நாலு பேர் தள்ள நின்று போட்டவையா? எதிரணியில் ஒருவன் தண்டனையில் வெளியே இருக்கும் பவர் பிளேயில் எத்தனை, இரு பக்கமும் ஐந்து பேர் நிற்கும்போது எத்தனை? பக்கத்தில் விளையாடுவது யார்? வேகத்தால் மட்டும் போட்ட கோல் மற்றப் பிள்ளைகள் வளர்ந்ததும் போய்விடும். பதினான்கில் ஐம்பது கோல் போட்டு பதினாறில் காணாமல் போனவர்களை என் நோட்டுகளில் வருடா வருடம் பார்க்கிறேன்.

நான் பார்ப்பது வேறு. பக் தன்னிடம் வருவதற்கு முன் தோளுக்கு மேலால் ஒருதரம், முடிந்தால் இரண்டு தரம் திரும்பிப் பார்க்கிறானா? பார்க்கிற பிள்ளைக்கு அடுத்தது என்ன என்று முதலே தெரியும், பார்க்காதவன் வாங்கிய பிறகுதான் யோசிப்பான், அதற்குள் ஒருவன் வந்து இடித்துவிடுவான். பக்கைப் பறிகொடுத்ததும் கையை விரித்துக்கொண்டு வளைந்து வளைந்து வருகிறானா, நின்று திரும்பி உடனே துரத்துகிறானா? முதல் மூன்று எட்டில் வேகம் எடுக்கிறானா? நாற்பது, நாற்பத்தைந்து வினாடியில் பெஞ்சுக்கு வருகிறானா, அல்லது கோல் ஆசையில் ஒன்றரை நிமிடம் நிற்கிறானா? இவ்வளவையும் பலவீனமான அணிக்கு எதிராகப் பார்த்துப் பிரயோசனம் இல்லை. லீக்கில் முதலிடத்தில் இருக்கும் அணியோடு, கடைசியான மூன்றாவது பீரியட்டில், ஒரு கோல் பின்னுக்கு நிற்கும்போது பாருங்கள்.

சுவிஸில் இருந்து வந்த பிள்ளைக்கு இன்னொன்று இருக்கிறது. அங்கே பெரும்பாலும் 30 மீட்டர் அகலத் தளம். இங்கே 85 அடி, கிட்டத்தட்ட 26 மீட்டர். அந்த நாலு மீட்டர் குறைவதால் யோசிக்கிற நேரமும் குறைகிறது, பாதி ஆட்டம் ஓரச் சுவரோடுதான் நடக்கும். சுவரோடு முதுகை வைத்துப் பக்கைக் காலால் மறைத்து, இடி வாங்கிக்கொண்டே பாஸ் கொடுக்கப் பழகட்டும். அதற்குத் தனிப் பயிற்சியாளர் தேவையில்லை. கோச்சிடம் கேட்டால் பயிற்சி முடிய பத்து நிமிடம் காட்டித் தருவார்.

நவம்பர் பிறப்பு என்று கவலைப்படுகிறீர்கள். நியாயமான கவலை. இங்கே ஜனவரி முதலாம் திகதிதான் வயதுக் கணக்கு. ஜனவரியில் பிறந்தவனும் உங்கள் மகனும் ஒரே வகுப்பு, ஆனால் பத்து மாத வளர்ச்சி வித்தியாசம். வருடத் தொடக்கத்தில் பிறந்தவர்கள் உயர்மட்ட ஹொக்கியில் குவிந்திருப்பதை பார்ன்ஸ்லி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1985 இலேயே எழுதிவிட்டார்கள். உங்களிடம் காசு கேட்டவர் சொன்ன ஹிஷியரும் ஜனவரி 4 இல் பிறந்தவர்தான். ஆனால் உங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், இதில் ஒரு நன்மையும் இருக்கிறது. ஒன்ராறியோவின் உயர்மட்ட ஜூனியர் லீக்கான ஓஎச்எல்லின் தெரிவு மகனுக்கு 2027 இல் வரும். என்எச்எல் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவுசெய்யும் டிராஃப்டுக்கோ செப்டெம்பர் 15 க்குள் 18 ஆக வேண்டும். அதனால் இப்போதைய விதிப்படி அவனுக்கு முதல் வாய்ப்பு 2030 இல்தான், அதே வருடம் பிறந்த பலருக்கு 2029. ஒரு வருடம் கூடுதலாக வளரலாம்.

டபுள் ஏயிலிருந்து ஓஎச்எல்லுக்கு எடுபடுவது மிக அரிது, அங்கே பெரும்பாலும் ட்ரிபிள் ஏ பிள்ளைகள்தான். அதை மறைக்க மாட்டேன். அதற்காக ட்ரிபிள் ஏ அணியின் மிகக் குறைவாக ஆடக் கிடைக்கும் நாலாவது லைனில் போய் உட்காரவும் விடாதீர்கள். பதினான்கு வயதில் பனியில் கிடைக்கும் நிமிடங்கள்தான் முக்கியம், ஜாக்கெட்டில் இருக்கும் எழுத்து இல்லை. அணித் தேர்வுக்குப் போகும்போதும் கவனம். ஒருமுறை என் பிள்ளைக்கு ஒரு கழகத்தில் தேர்வுக் கட்டணம் கட்டினேன், அணியை இரண்டு கிழமைக்கு முன்பே முடிவு செய்துவிட்டார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. காசு திரும்பவில்லை. முதலே கேளுங்கள், எத்தனை இடம் உண்மையில் காலி என்று.

பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து என்எச்எல் போவான் என்று சொல்லும் ஆளை நம்பாதீர்கள். பதினைந்து வயதிலேயே ஓஎச்எல்லில் விளையாட விசேஷ அனுமதி 2005 இல் ஜோன் டவாரஸுக்குக் கிடைத்தது, பிறகு கொனர் மக்டேவிட் போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு. 2013 இல் அதே அனுமதி பெற்ற ஷோன் டே என்ற டிஃபென்ஸ்மன் 2016 டிராஃப்டில் 81 ஆவதாகத்தான் போனார். மறுபக்கம் மார்ட்டின் சென் லூயியை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை, ஐந்தடி எட்டங்குலம், 2004 இல் என்எச்எல்லிலேயே அதிகப் புள்ளி அவருக்குத்தான். பஞ்சாபிப் பிள்ளை அர்ஷ்தீப் பெய்ன்ஸையும் யாரும் எடுக்கவில்லை. 2021-22 இல் மேற்குக் கனடா ஜூனியர் லீக்கில் 112 புள்ளியோடு முதலாவதாக வந்தார், 2024 இல் வான்கூவருக்காக என்எச்எல்லில் இறங்கினார். பஞ்சாபிகளை நான் மெச்சுகிறேன். 2008 இலேயே தங்கள் மொழியில் ஹொக்கி வர்ணனை தொடங்கிவிட்டார்கள். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று ஒதுங்குகிறார்கள், மிச்சப் பாதி கணக்கு டியூஷன் மாதிரி கிழமைக்கு நாலு தனிப் பயிற்சி வைத்துப் பிள்ளையைப் பிழிகிறார்கள். இரண்டும் எனக்குக் கோபத்தை வரவைக்கும்.

இன்னொரு பழைய கதையும் உங்கள் காதுக்கு வரும், ஓஎச்எல்லில் ஒரு ஆட்டம் ஆடினாலும் அமெரிக்கக் கல்லூரி ஹொக்கி போய்விடும் என்று. முன்பு அது உண்மை. 2024 நவம்பரில் விதியை மாற்றினார்கள், 2025-26 இலிருந்து அந்தத் தடை இல்லை. ஓஎச்எல்லில் ஆடிய ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடப் பட்டப்படிப்புச் செலவும் உண்டு. நிபந்தனைகளைப் படித்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

அந்த 4,500 டாலரில் நல்ல ஸ்கேட் ஒன்று வாங்கிக் கொடுத்தாலும் மிச்சம் வரும். அந்த வசந்தத்தில் மகனை உதைபந்தோ கூடைப்பந்தோ விளையாட விடுங்கள், உடம்பு வளரும், சலிப்பும் தட்டாது.

என் மூத்தவன் பதினைந்தாவது வயதில் ஸ்கேட்டைக் கழற்றிவைத்தான். நல்ல விங்கர், தோளுக்கு மேலால் பார்க்கும் பழக்கம் சின்ன வயதிலேயே இருந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கதைத்துக்கொண்டே வருவேன், அந்தப் பாஸ் ஏன் கொடுத்தாய், பெஞ்சுக்கு வராமல் இந்த ஷிஃப்ட் ஏன் நீண்டது என்று. ஒருநாள் 401 நெடுஞ்சாலையில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, பின் சீட்டில் போய் இருந்துகொண்டு, அப்பா, நான் இனி வரேல்லை என்றான். இப்போது அவனுக்கு முப்பத்திரண்டு. அவன் மகளுக்கு நாலு வயது, போன கிழமை அவன்தான் அவளுக்கு ஸ்கேட் கட்டிவிட்டான், நான் வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றேன்.

அடுத்த சனிக்கிழமை மகனுக்கு எந்த அரீனாவில், எத்தனை மணிக்கு ஆட்டம் என்று எழுதுங்கள். மேல் வரிசையில் வந்து இருக்கிறேன். அவனிடம் சொல்ல வேண்டாம்.