மீட்டருக்கு அப்பால் போன யூனிட்டுக்குத்தான் பணம்: வீட்டு மின்னுற்பத்தி பற்றிச் சில கேள்விகள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை, வீட்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தை விற்றுக் கிடைக்கும் பணத்தைப் பற்றியவை. ஒரே ஐயத்தைப் பலர் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்ததால், அவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கூரையில் சூரியப் பேனல் வைத்திருக்கிறேன். அதன் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரின் திரை இந்த மாதம் 310 யூனிட் உற்பத்தி என்று காட்டுகிறது. பில்லில் 140 யூனிட்டுக்குத்தான் வரவு வைத்திருக்கிறார்கள். மீதி எங்கே?

உங்கள் வீட்டிலேயே செலவாகிவிட்டது. பேனலிலிருந்து வரும் மின்சாரம் முதலில் அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜுக்கும் மின்விசிறிக்கும் போகும். அவை எடுத்துக்கொண்டது போக எஞ்சியது மட்டுமே மீட்டரைக் கடந்து தெருக் கம்பிக்குச் செல்லும். மீட்டர் உங்கள் வீட்டின் எல்லையில் நிற்கிறது. எல்லைக்குள் நடந்த கொடுக்கல் வாங்கலை அது அறியாது. ஆகவே மீதி 170 யூனிட், நீங்கள் காசு கொடுத்து வாங்காமல் தவிர்த்த மின்சாரம். பெரும்பாலான ஒப்பந்தங்களில் விற்ற யூனிட்டைவிட அதன் மதிப்பே அதிகம்.

சரிபார்க்க ஒரு எளிய வழி உண்டு. பல மின்னணு மீட்டர்களின் திரையில் எண்கள் மாறி மாறி வரும், அவற்றில் 1.8.0 என்ற குறியீட்டுடன் வருவது நீங்கள் மின் கட்டமைப்பிலிருந்து, அதாவது தெருக் கம்பியிலிருந்து எடுத்தது, 2.8.0 என்பது நீங்கள் அனுப்பியது. மாதத்தின் முதல் நாள் இரண்டையும், கூடவே இன்வெர்ட்டர் காட்டும் மொத்த உற்பத்தியையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். உற்பத்தியிலிருந்து அனுப்பியதைக் கழித்தால் வருவது சொந்தப் பயன்பாடு. அந்த எண் உங்கள் வீட்டின் பகல்நேரச் செலவோடு ஏறக்குறைய ஒத்துப்போகாவிட்டால் மட்டுமே புகார் எழுதுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. எடுத்ததையும் அனுப்பியதையும் தனித்தனியே எண்ணும் இருதிசை மீட்டர் பொருத்தும் முன்பே பேனலை ஓட விடாதீர்கள். பழைய மின்னணு மீட்டர்களில் சில, மின்சாரம் எந்தத் திசையில் போனாலும் அதைச் செலவாகவே எண்ணும். நான் பார்க்கப் போன ஒரு வீட்டில், ஆர்வம் தாங்காமல் ஆறு வாரம் முன்னதாகவே சுவிட்சைப் போட்டுவிட்டார்கள். பேனல் வந்த பிறகு பில் குறையும் என்று காத்திருந்தவர்களுக்கு, முன்பைவிடக் கூடுதலான தொகை வந்து சேர்ந்தது: தாங்கள் தானமாகக் கொடுத்த மின்சாரத்துக்குத் தாங்களே விலை கொடுத்திருந்தார்கள்.

நெட் மீட்டரிங், நெட் பில்லிங், ஃபீட்-இன் கட்டணம்: மூன்றும் ஒன்றுதானே?

அல்ல, ஒப்பந்தத்தில் முதலில் தேட வேண்டிய சொல் இதுதான். நீங்கள் ஒரு மாதத்தில் 250 யூனிட் எடுத்து 200 யூனிட் அனுப்புகிறீர்கள் என்றும், வாங்கும் விலை யூனிட்டுக்கு 10 பங்கு, விற்கும் விலை 4 பங்கு என்றும் வைத்துக்கொள்வோம் (பங்கு என்பது ஒப்பிடுவதற்காக நான் வைத்துக்கொண்ட பண அளவு). நெட் மீட்டரிங்கில் யூனிட்டுக்கு யூனிட் கழிபடுவதால், எஞ்சிய 50 யூனிட்டுக்கு 500 பங்கு கட்டினால் போதும். நெட் பில்லிங்கில் கழிபடுவது யூனிட் அல்ல, பணம். எடுத்ததற்கு 2,500 பங்கு, அனுப்பியதற்கு வரவு 800, கட்ட வேண்டியது 1,700. பேனலும் வெயிலும் மாறவில்லை, கணக்கு முறை மட்டுமே மாறியிருக்கிறது.

ஃபீட்-இன் கட்டணம் என்பது, அனுப்பும் யூனிட்டுக்கு முன்கூட்டியே நிர்ணயித்த விலையை நீண்ட காலத்துக்கு உறுதி செய்வது. ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் இதை 20 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. பிரிட்டன் 2010 ஏப்ரலில் தொடங்கிய திட்டத்தில், வீட்டிலேயே செலவழித்த யூனிட்டுக்கும் சேர்த்து உற்பத்திக்கென்றே பணம் கொடுத்தது. 2019 மார்ச் இறுதியோடு புதியவர்களுக்கு அந்தக் கதவு மூடப்பட்டது. 2020 ஜனவரியில் அதன் இடத்துக்கு வந்த ஏற்பாட்டில், வெளியே அனுப்பிய யூனிட்டுக்கு மட்டுமே பணம். கலிபோர்னியாவும் 2023 ஏப்ரலிலிருந்து புதிய இணைப்புகளுக்கு ஏற்றுமதி விலையைக் கணிசமாகக் குறைத்துவிட்டது. பேனல் விலை இறங்க இறங்க ஊக்கத்தொகையும் இறங்குவது இயல்பு என்பதால், முன்னதாகப் பொருத்திய அண்டை வீட்டாரின் வருமானத்தை வைத்து உங்கள் கணக்கைப் போடாதீர்கள்.

மீந்த வரவு எப்போது காலாவதியாகிறது என்பதையும் பாருங்கள். ஆண்டு முடிவில் சில இடங்களில் பணமாகத் தருவார்கள், சில இடங்களில் அது அழிந்துவிடும்.

விற்கும் விலை குறைவாக இருக்கிறது. பேட்டரி வைத்துக்கொள்ளலாமா?

யூனிட்டுக்கு யூனிட் கழிபடும் ஒப்பந்தம் என்றால், மின்தடைக்காக அன்றி வருமானத்துக்காகப் பேட்டரி வாங்குவது நட்டம்; கட்டமைப்பே உங்களுக்கு இலவசப் பேட்டரியாக இருக்கிறது. பேட்டரியில் 10 யூனிட் போட்டால் திரும்பி வருவது ஏறத்தாழ 9 யூனிட்தான். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி பெரிதாக இருந்தால் கதை வேறு. நண்பகலில் எல்லாக் கூரைகளும் ஒரே நேரத்தில் மின்சாரத்தைத் தள்ளுவதால், சந்தை விலை சில மணி நேரம் சுழியத்துக்கும் கீழே போகும் நாடுகள் உண்டு. ஜெர்மனியில் 2025 பிப்ரவரி இறுதியில் வந்த சட்டத்தின்படி, அத்தகைய நேரங்களில் புதிய அமைப்புகளுக்குப் பணம் கிடையாது.

ஆனால் பேட்டரிக்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தண்ணீர் மோட்டார், சலவை இயந்திரம், வெந்நீர்க் கொதிகலன் ஆகிய மூன்றையும் காலை பதினொன்றுக்கும் பிற்பகல் இரண்டுக்கும் இடையில் ஓடும்படி டைமர் வைத்துவிடுங்கள். ஒரு டைமரின் விலையைப் பேட்டரியின் விலையோடு ஒப்பிட்டால், ஏன் சொல்கிறேன் என்பது புரியும்.

மின்தடை ஏற்பட்டால், நல்ல வெயிலிலும் பேனல் நின்றுவிடுகிறதே?

பழுதல்ல. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் கையில் உங்கள் மின்சாரம் பாயக்கூடாது என்பதற்காக, கட்டமைப்பு போன கணமே இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ளும். தடையின்போதும் மின்சாரம் வேண்டுமென்றால், வீட்டைத் தனியே பிரித்து இயக்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை.

உச்சி வெயிலில் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடுகிறது. காலையிலும் மாலையிலும் தொல்லை இல்லை. வருமானம் போகிறதே?

மின்னழுத்தம் ஏறுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. கம்பிக்குள் மின்சாரத்தைத் தள்ள வேண்டுமானால் இன்வெர்ட்டர் லைனைவிடச் சற்றே உயர்ந்த அழுத்தத்தில் இருக்க வேண்டும்; தெருவில் பலரும் ஒரே வேளையில் தள்ளினால் அது வரம்பைத் தாண்டிவிடும். 230 வோல்ட் கொண்ட ஐரோப்பிய நாடுகளில் பொதுவான மேல் வரம்பு 253 வோல்ட். நண்பகலில், தகுதியான மின்பணியாளரைக் கொண்டு, இன்வெர்ட்டர் முனையிலும் மீட்டர் அருகிலும் ஒரே நேரத்தில் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே ஐந்தாறு வோல்ட் வேறுபாடு இருந்தால், குற்றவாளி உங்கள் வீட்டு வயர். தடிமனான வயராக மாற்றினால் தீரும். மீட்டர் அருகிலேயே அழுத்தம் உயர்ந்திருந்தால், டிரான்ஸ்பார்மரில் சரிசெய்ய வேண்டியது மின் நிறுவனத்தின் வேலை. நாளும் நேரமும் குறித்த அளவுகளோடு எழுதிக் கொடுங்கள்; வெறுமனே "நிற்கிறது" என்று எழுதினால், வந்து பார்க்கிறோம் என்ற பதிலோடு முடிந்துவிடும்.

சூரிய ஒளி குறைவான இடம். காற்றாலையோ ஓடை நீரோ உதவுமா?

காற்றின் வேகம் பாதியானால் அதிலுள்ள ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். வீட்டுக் கூரையில் கட்டடங்களால் சிதறிய மெல்லிய காற்றுதான் கிடைக்கும் என்பதால், கூரைமேல் வைக்கும் குட்டிக் காற்றாலைகளை நான் பரிந்துரைப்பதில்லை. உயரமான கோபுரமும் திறந்த வெளியும் உள்ளவர்கள் ஓராண்டு காற்றை அளந்துவிட்டு முடிவெடுக்கலாம்.

ஓடை இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. வினாடிக்கு 10 லிட்டர் நீர் 20 மீட்டர் கீழே விழுந்தால், அதில் உள்ள திறன் ஏறத்தாழ 1,960 வாட். குழாயிலும் விசையாழியிலும் பாதி வீணானாலும் ஒரு கிலோவாட்டை நெருங்கும். இரவும் பகலும் ஓடுவதால் நாளொன்றுக்கு 23 யூனிட் வரை வரும். நல்ல வெயிலுள்ள இடத்தில் ஒரு கிலோவாட் பேனல் தருவது நாளுக்கு நான்கைந்து யூனிட்தான். ஆனால் கோடையில் நீர் எவ்வளவு வற்றும் என்பதை ஒரு வாளியும் கடிகாரமும் வைத்து அளந்த பின், நீரைத் திருப்ப அனுமதி வாங்கிக்கொண்டு, அதன் பிறகே மின் நிறுவனத்திடம் விண்ணப்பம் போடுங்கள்.