ஒரே பக்கத்தில் நின்றுவிட்ட வாசிப்பு

சகோதரி, கணவருக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பது தெரிய வந்த நாளிலிருந்து பிரதேச சபை நூலகத்து நாவல்களே துணை என்றும், இப்போது வாசித்தது எதுவும் மனதில் நிற்காததால் மூளை பழுதாகிவிட்டதோ என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். 42 வயதில் நேற்றைய கதை மறந்துபோனதற்கு, தொலைபேசியில் தேடிப் பார்த்து மறதி நோய் என்று நீங்களே முடிவுகட்டுவது வீண் வேலை. நித்திரை இல்லாதவருக்கு எதுவும் மனதில் பதியாது. மங்கிய வெளிச்சத்தில் வாசித்தால் கண் களைக்கும், பழுதாகாது. குடும்பப் பெண் விடிய விடிய கதைப்புத்தகம் வாசிக்கக்கூடாது என்ற மாமியாரின் சட்டம் மருத்துவத்தில் இல்லை. துரோகத்தையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்த மனதுக்கு அந்தக் கதைகள் சில மணி நேர ஓய்வு கொடுத்தன, அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

நான் கவலைப்படுவது, கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் நீங்கள் எழுதிய வரிகளைப் பற்றி. மூன்று வாரமாக ஒரே பக்கம் விரித்தபடி கிடக்கிறது, விடியப்புறம் மூன்று மணிக்கே விழிப்பு வருகிறது, "நான் இல்லாவிட்டால் யாருக்கு என்ன நட்டம்" என்று தோன்றுகிறது என்கிறீர்கள். ஆறுதல் தந்த ஒன்றும் சுவையற்றுப்போய், அந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, அதனுடன் அதிகாலை விழிப்பும் சேர்ந்தால், மனச்சோர்வு நோயையே நாங்கள் முதலில் நினைப்போம். சாவைப் பற்றிய எண்ணமும் கூடும்போது அதைத் தள்ளிப்போட இடமில்லை. நாளைக்கே, நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு, கிளிநொச்சி மாவட்ட மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அதற்கிடையில் அந்த எண்ணம் வலுத்தால், இரவானாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழையுங்கள். வயலுக்கு வாங்கி வைத்த கிருமிநாசினிப் போத்தல்கள் இன்றே வீட்டை விட்டுப் போகட்டும். 1995 அளவில் உலகிலேயே மிக அதிக தற்கொலை விகிதம் கொண்ட நாடுகளில் ஒன்றாயிருந்த இலங்கையில், கொடிய நஞ்சுகள் தடைசெய்யப்பட்ட பின் சாவுகள் பெரிதும் குறைந்தன; சாக வேண்டும் என்ற வேகம் பலருக்குச் சிறிது நேரத்தில் தணிந்துவிடும், அந்நேரம் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இருக்கக்கூடாது.

மனச்சோர்வுக்கு மருந்து தரப்பட்டால் அதன் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம், இடையில் நீங்களாக நிறுத்த வேண்டாம். கணவரோடு வாழ்வதா பிரிவதா என்ற முடிவும் நித்திரை திரும்பும்வரை காத்திருக்கலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பாலியல் நோய்த் தடுப்புக் கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது இலவசம், விபரம் வெளியே போகாது. கணவருடனான கடைசி உறவிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு முறையும் செய்ய வேண்டும்.

கால் எரிவுக்காக மாமியாருக்குக் கொடுத்த அமிட்ரிப்டிலின் குளிசையை நித்திரைக்காக எடுத்துப் போடுவதாக எழுதியதைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. அளவு மீறினால் இதயத் துடிப்பையே குழப்பிவிடும் மருந்து அது. மிச்சக் குளிசைகளை இன்றே மாமியாரிடம் கொடுத்துப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், எத்தனை நாள் எத்தனை போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.