எழுதுவதா, விற்பதா?

கேள்வி: எக்செல் பயன்படுத்துவது பற்றி நான்கு ஆண்டுகளாக வலைப்பதிவு எழுதுகிறேன். மாதம் சுமார் 20,000 பேர் வந்து படிக்கிறார்கள். இதையே முழுநேரமாகச் செய்யலாம் என்று ஒன்பது மாதங்களுக்கு முன் வேலையை விட்டேன். விளம்பர வருமானம் மின்கட்டணத்துக்கும் இணையக் கட்டணத்துக்கும் சரியாகப் போகிறது. எக்செல் முழுவதையும் கற்றுத்தரும் ஆன்லைன் பாடத்திட்டம் ஒன்றை உருவாக்கி விற்கலாம் என்று தொடங்கினேன். பன்னிரண்டு பாடங்களில் இரண்டுதான் முடிந்திருக்கின்றன. வாரத்துக்கு நான்கு பதிவு எழுதுவதிலேயே நேரம் போய்விடுகிறது. பதிவுகளைக் குறைத்தால் வாசகர்கள் போய்விடுவார்களோ என்று பயம். குறைக்காவிட்டால் பாடத்திட்டம் முடியப்போவதில்லை. இத்தனை நாள் இலவசமாகக் கொடுத்துவிட்டு இப்போது காசு கேட்பதற்கும் கூச்சமாக இருக்கிறது. கையில் இருக்கும் சேமிப்பு இன்னும் ஐந்து மாதம் தாங்கும். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

நேரம் போதவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ பிரச்சினை நேரத்தில் இல்லை என்று தோன்றுகிறது. ஒரு பதிவை மாலையில் வெளியிட்டால் இரவுக்குள் யாராவது நன்றி சொல்லிவிடுகிறார்கள், மறுநாள் காலையில் எத்தனை பேர் படித்தார்கள் என்று பார்க்கலாம். பாடத்திட்டம் அப்படி இல்லை. மூன்று வாரம் உட்கார்ந்து உழைத்தாலும் அது யாருக்கும் தெரியாது. "எங்கே மூன்றாவது பாடம்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. மனம் கைதட்டல் கேட்கும் பக்கம்தான் போகும், அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் வாரம் நான்கு பதிவு எழுதுகிறவர் நேரமில்லாதவரும் அல்ல, சோம்பேறியும் அல்ல. காசு வராத வேலையில் கடுமையாக உழைக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இந்த 'வாரம் நான்கு' என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். வலைப்பக்கங்களில் விளம்பரம் காட்டி அதில் ஒரு பங்கை எழுதுகிறவருக்குத் தரும் கூகுளின் ஆட்சென்ஸ் 2003-இல் வந்தபோது, நிறைய எழுது, நிறையப் பேர் வருவார்கள், விளம்பரம் காசு தரும் என்ற வழி பிறந்தது. அந்த வழியில் வருமானம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் கூட்டமும் ஏறத்தாழ இரண்டு மடங்காக வேண்டும். விளம்பரதாரர் கொடுப்பதில் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் எழுதுகிறவருக்கு வருகிறது. அதுவும் 100 டாலர் சேர்ந்த பிறகே கைக்கு வரும். 20,000 பேர் உங்களுக்கு எவ்வளவு தருகிறார்கள் என்பது மின்கட்டண ரசீதைப் பார்த்தால் தெரிகிறது. அதை 40,000 ஆக்கினாலும் இரண்டு மின்கட்டணம் கட்டலாம்.

பொருள் விற்பவருக்குக் கணக்கு வேறு. ஒரு பேச்சுக்கு, உங்களிடம் வரும் 400 பேரில் ஒருவர் 20 டாலருக்கு ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 50 பேர், 1,000 டாலர். இது நடந்தே தீரும் என்று நான் சொல்லவில்லை, முதல் மாதம் ஐந்து பேர் மட்டும்கூட வாங்கலாம். ஆனால் இந்தக் கணக்கில் நீங்கள் தேட வேண்டியது 50 பேரை, இன்னொரு 20,000 பேரை அல்ல. விளம்பரத்துக்கான வேகத்தில் எழுதிக்கொண்டே விற்பனைக்கான வருமானத்தை எதிர்பார்ப்பதால்தான் இந்தத் திண்டாட்டம்.

பதிவைக் குறைத்தால் வாசகர்கள் போய்விடுவார்களா என்ற பயத்துக்கு வருகிறேன். இதற்கு என் பதிலைவிட உங்கள் புள்ளிவிவரமே நல்ல பதில் சொல்லும். கடந்த மூன்று மாதங்களில் அதிகம் படிக்கப்பட்ட பத்துப் பதிவுகளை எடுத்து, ஒவ்வொன்றும் எப்போது எழுதியது என்று பக்கத்தில் குறித்துப் பாருங்கள். பாதிக்கு மேல் ஓராண்டுக்கு முந்தையவையாக இருக்கும் என்பது என் ஊகம். எக்செல் மாதிரி விஷயத்தில் ஆட்கள் தேடுபொறி வழியாகத்தான் வருகிறார்கள். ஃபார்முலா வேலை செய்யவில்லை, அலுவலகத்தில் மேலாளர் காத்திருக்கிறார், தேடுகிறார்கள், உங்கள் பக்கம் கிடைக்கிறது, எடுத்துக்கொண்டு போகிறார்கள். நீங்கள் செவ்வாய்க்கிழமை எழுதினீர்களா வியாழக்கிழமை எழுதினீர்களா என்று அவர்களுக்குத் தெரியவே தெரியாது. மின்னஞ்சலில் உங்களைத் தொடர்ந்து படிக்கும் சில நூறு பேர் இருப்பார்கள். அவர்களுக்கும் வாரம் ஒரு நல்ல பதிவு போதும். சொல்லப்போனால் சிலர் நிம்மதியடைவார்கள்.

ஆகவே வாரம் ஒன்று. அந்த ஒன்றும் தனி வேலையாக இருக்க வேண்டாம், விற்கப்போகும் பொருளைச் செய்யும்போது மேசையில் விழுவதை எடுத்து எழுதுங்கள். உதாரணமாக, பட்டியலில் ஒன்றைத் தேடி எடுத்துத் தரும் விலுக்கப் (VLOOKUP) ஃபார்முலா பற்றிய பகுதியைத் தயாரிக்கிறீர்கள். பட்டியலில் பெயர் கண்ணெதிரே இருக்கிறது, ஆனால் எக்செல் இல்லை என்கிறது. திரையை எத்தனை முறை பார்த்தாலும் இரண்டு பெயரும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கடைசியில் பார்த்தால் ஒரு பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருக்கிறது. தேவையில்லாத இடைவெளிகளை நீக்கும் டிரிம் (TRIM) போட்டால் தீர்ந்தது. இது முழுசாக ஒரு பதிவு, ஒன்றரை மணி நேரத்தில் எழுதிவிடலாம், தேடி வருகிறவர்களுக்கு ஐந்தாண்டு கழித்தும் பயன்படும். பொருளுக்கு உள்ளே அந்த இடைவெளிகளைத் தானாகவே நீக்கும் தாள் ஒன்று இருக்கும். பதிவு படித்தவருக்குக் காரணம் புரிந்தது, வாங்கியவருக்கு வேலை முடிந்தது.

இலவசத்துக்கும் விற்பனைக்கும் நடுவே நான் போடும் கோடும் இதுதான். ஏன் இப்படி ஆகிறது, எப்படிச் சரிசெய்வது என்பதை எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள், ஒளித்து வைக்காதீர்கள். சரிசெய்து முடித்த நிலையில் கையில் கொடுப்பதற்குக் காசு வாங்குங்கள். பாதிப் பதிவை எழுதிவிட்டு "மீதி கட்டணப் பகுதியில்" என்று போடுவது எனக்குப் பிடிக்காது, படிக்கிறவருக்கும் பிடிக்காது.

பன்னிரண்டு பாடத் திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. அதை இப்போதைக்கு மூட்டை கட்டி வையுங்கள். 'எக்செல் முழுவதும்' என்பதை உங்களிடம் யாராவது கேட்டார்களா? நான்கு ஆண்டுகளாக வந்த மின்னஞ்சல்களையும் பின்னூட்டங்களையும் எடுத்து, கேள்விகளை மட்டும் ஒரு தாளில் ஒட்டுங்கள். ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எண்ணுங்கள். தாளை எப்படி வரிசைப்படுத்துவது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. "எனக்கு எக்செல் கற்றுக்கொடுங்கள்" என்பது அதில் மேலே வராது. "சரக்கு இருப்பு ஏன் ஒத்துப்போகவில்லை", "விடுப்பு நாட்களைக் கழித்துச் சம்பளம் எப்படிப் போடுவது" மாதிரியான ஒன்று முப்பது நாற்பது முறை வந்திருக்கும். அந்த ஒன்றுக்கு, விவரங்களை நிரப்பினால் விடை தரும் ஒரு ஆயத்த எக்செல் தாளும், கூடவே பத்துப் பக்கக் குறிப்பும் செய்யுங்கள். மூன்று வாரத்தில் முடியக்கூடிய அளவில் இருக்கட்டும். முடிந்த இரண்டு பாடங்கள் வீணாகாது, அவற்றையே அந்தக் குறிப்புக்குள் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்த மூன்று வாரமும் நாளின் முதல் இரண்டு மூன்று மணி நேரம் பொருளுக்கு. மின்னஞ்சலையும் புள்ளிவிவரத்தையும் திறப்பதற்கு முன்பே உட்கார்ந்துவிட வேண்டும், திறந்தால் அன்றைய காலை போயிற்று. பதிவுக்கு வாரத்தில் ஒரு பிற்பகல். வண்ண வண்ணமாகக் கட்டம் போட்ட கால அட்டவணை எதையும் தயாரிக்காதீர்கள். எக்செல் தெரிந்தவர்களுக்கு அது தனி ஆபத்து, அட்டவணை அழகாக முடிந்திருக்கும், வேலை தொடங்கியிருக்காது.

இதில் பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. விற்ற பிறகும் வேலை இருக்கிறது. சின்ன உதாரணம்: உங்கள் தாளில் விலுக்கப்பின் புதிய வடிவமான எக்ஸ்லுக்கப் (XLOOKUP) பயன்படுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணினியில் அழகாக ஓடும். அது மைக்ரோசாஃப்ட் 365 சந்தாவிலும் எக்செல் 2021-லும் அதற்குப் பிந்தைய பதிப்புகளிலும் உண்டு. எக்செல் 2016-லும் 2019-லும் கிடையாது. பழைய பதிப்பு வைத்திருப்பவர் வாங்கித் திறந்து ஒரு எண்ணைத் தட்டுவார், விடை வர வேண்டிய இடத்தில் பெயர் தெரியவில்லை என்ற பிழை நிற்கும். அவருக்குப் பதிப்பு வித்தியாசமெல்லாம் தெரியாது. "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று எழுதுவார். அப்படிப் பத்து பேர் எழுதினால் உங்கள் வாரம் காலி. அதனால் இண்டெக்ஸ் (INDEX), மேட்ச் (MATCH) என்ற இரண்டு ஃபார்முலாக்களையும் சேர்த்துப் பழைய முறையிலேயே செய்யுங்கள், எல்லாப் பதிப்பிலும் ஓடும். விற்பனைப் பக்கத்தில் எந்தெந்தப் பதிப்பில் சோதித்துப் பார்த்தீர்கள் என்று முதலிலேயே போட்டுவிடுங்கள். வெளியிடுவதற்கு முன் பழைய கணினி வைத்திருக்கும் இரண்டு வாசகர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பாருங்கள். திருப்பிக் கேட்கிறவருக்கு வாதாடாமல் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், அது நேரத்தை மிச்சப்படுத்தும்.

கூச்சத்தைப் பற்றி. காசு கேட்டதும் சிலர் "நீங்களும் வியாபாரியாகிவிட்டீர்கள்" என்று எழுதத்தான் செய்வார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வாங்குகிற எண்ணமே இல்லாதவர்கள். நான்கு ஆண்டு எழுதியவை எல்லாம் அப்படியே இலவசமாக இருக்கின்றன, எதையும் நீங்கள் பிடுங்கிக்கொள்ளவில்லை. வாங்க விரும்புகிறவர் பேசாமல் இருப்பார், விலை எங்கே போட்டிருக்கிறது என்று மட்டும் தேடுவார். அதனால் விலையை மூன்று பத்தி மன்னிப்புக்குக் கீழே புதைக்காமல் மேலேயே போடுங்கள்.

கூச்சத்தில் விலையைக் குறைப்பது இன்னும் மோசம். அந்தப் பத்துப் பக்கக் குறிப்பை விரித்து மின்னூலாகவும் அமெசானின் கிண்டில் கடையில் போடும் எண்ணம் வந்தால் இந்தக் கணக்கைப் பாருங்கள். அமெசானில் 2.99 டாலர் முதல் 9.99 டாலர் வரை விலை வைத்தால் 70 சதவீதப் பங்குக்கு வழி உண்டு. அதற்குக் கீழே போனால் 35 சதவீதம்தான். 99 செண்டுக்குக் கொடுத்தால் ஒரு பிரதிக்கு 35 செண்டு வரும். 2.99-க்குக் கொடுத்தால் 2 டாலரை ஒட்டி வரும். விலை மூன்று மடங்கு, கைக்கு வருவது ஏறக்குறைய ஆறு மடங்கு. இங்கே அடக்கத்துக்கு இரண்டு பக்கமும் அபராதம்: விலையும் குறைகிறது, பங்கும் குறைகிறது.

இன்னொன்றை மறந்துவிடாதீர்கள்: வாங்கியவர்கள், தொடர்ந்து படிப்பவர்கள் எல்லோருடைய மின்னஞ்சல் பட்டியல். அது உங்கள் கணினியில் ஒரு பிரதியாக எப்போதும் இருக்க வேண்டும். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டபோது அதன் வழியாகவே படிக்கப்பட்டுவந்த வலைப்பதிவுகளுக்குத் தங்கள் வாசகர்களை நேரடியாக எட்ட வழியே இல்லாமல் போனது. தேடுபொறியும் அப்படித்தான், எந்த நாளும் தன் முறையை மாற்றிக்கொள்ளும். உங்களுக்கு வரும் 20,000 பேர் தேடுபொறி அனுப்பி வைக்கிறவர்கள், முகவரி கொடுத்துவிட்டுப் போன அந்தச் சில நூறு பேர்தான் உங்களுடையவர்கள். வாராந்தரப் பதிவின் முக்கியமான வேலையே அந்த எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் என்று வைத்துக்கொண்டால், எதை எழுதுவது எதை விடுவது என்ற குழப்பம் பாதி தீரும்.

சரி, அந்த ஐந்து மாதம். உண்மையில் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்த வரி அதுதான். முதல் பொருள் மூன்று வாரத்தில் முடிந்து, நாலைந்து வாரத்தில் விற்பனைக்கு வந்தாலும், அது ஒரு மாதச் செலவை முழுசாகத் தூக்குவதற்குள் சேமிப்பு தீர்ந்துவிடலாம். பயத்தோடு செய்யும் பொருள் அவசரமாக வெளிவரும், அவசரமாகச் செய்த தாளில் பிழை இருக்கும். ஆகவே கூலிக்கு வேலை எடுங்கள். இரண்டு சிறு நிறுவனங்களுக்கு அவர்களுடைய எக்செல் தாள்களைச் சீர்செய்து கொடுப்பது, மாதம் ஆறேழு நாள் வேலை. முழுநேரம் எழுத வந்துவிட்டு மறுபடி அடுத்தவர் வேலையா என்று தோன்றும். 37சிக்னல்ஸ் என்ற சிகாகோ நிறுவனம் வாடிக்கையாளர்களுக்கு இணையதளம் வடிவமைத்துக் கொடுத்துத்தான் பிழைத்தது. கூடவே வலைப்பதிவும் எழுதியது. அந்த வேலைகளைச் சமாளிக்கத் தங்களுக்கென்று செய்துகொண்ட மென்பொருளைத்தான் 2004-இல் பேஸ்கேம்ப் என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அதை முதலில் அறிவித்ததும் அந்த வலைப்பதிவில்தான். பேஸ்கேம்ப் வருமானம் தாங்கும் என்று தெரிந்த பிறகே கூலி வேலையை விட்டார்கள். 2006-இல் தங்கள் வேலை முறையைப் பற்றி எழுதிவந்ததைத் தொகுத்து ஒரு பிடிஎஃப் நூலாகவும் விற்றார்கள், பிற்பாடு அதையே இணையத்தில் இலவசமாகவும் வைத்தார்கள்.

உங்களுக்கும் அந்த இரண்டு நிறுவனங்களின் தாள்கள்தான் அடுத்த பொருளுக்கான கேள்விகளைக் கொண்டுவரும். இந்த வாரப் பதிவின் கடைசியில் இரண்டு வரி சேருங்கள்: இந்த மாதிரித் தாள்களைச் சீர்செய்து தருகிறேன், இந்த மாதம் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, தேவைப்படுகிறவர்கள் எழுதலாம் என்று. கட்டணத்தையும் அங்கேயே போட்டுவிடுங்கள்.