ரசிகர்கள் சொல்வதைக் கேட்டு விமர்சகர் தன் விமர்சனத்தை மாற்றலாமா?

தகவல் பிழை என்றால் மாற்றியே ஆக வேண்டும். மதிப்பெண்ணை மாற்றக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய வெளி இருக்கிறது, சிக்கலெல்லாம் அங்கேதான்.

முதலில், எதை ரசிகர் கருத்து என்கிறோம்? தமிழ்நாட்டில் இப்போது முதல் காட்சி காலை 9 மணிக்கு. பெரிய நடிகர் படம் என்றால் அந்தக் காட்சிக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பாலாபிஷேகம் முடித்த கையோடு உள்ளே போனவர்கள். அவர்களிடம் மைக்கை நீட்டினால் 'தெறி, மாஸ்' என்றுதான் வரும். அதே நேரத்தில் எதிர் முகாம் வீட்டில் உட்கார்ந்து 'செகண்ட் ஹாஃப் லேக்' என்று கொட்டிக்கொண்டிருக்கும். படத்தைப் பார்க்காமலேயே திட்டுவது நம் ஊர் வியாதி மட்டுமில்லை. விமர்சனங்களைத் திரட்டித் தரும் அமெரிக்கத் தளமான ராட்டன் டொமேட்டோஸ் 2019இல், படம் வெளிவரும் முன்பே ரசிகர்கள் கருத்து எழுதும் வசதியை எடுத்துவிட்டது. பிறகு டிக்கெட் வாங்கியதை உறுதிப்படுத்தியவர்களின் மதிப்பீட்டைத் தனியாகக் காட்டத் தொடங்கியது. ஆக, இந்த இரண்டு கூச்சலையும் விமர்சகர் தாராளமாக ஒதுக்கலாம்.

ஒதுக்கக் கூடாதவையும் உண்டு. ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் 'கங்குவா' வந்தபோது காது வலிக்கிறது என்று பரவலாகப் புகார். ஒலியளவை 2 புள்ளி குறைத்து வைக்கும்படி திரையரங்குகளிடம் தயாரிப்பாளர் ஞானவேல் ராஜாவே சொல்ல வேண்டியதாயிற்று. திரையரங்கின் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியான டால்பி ப்ராசஸரில் ஒலியளவு 0 முதல் 10 வரை. வசனம், இசை, மற்ற ஒலிகளைக் கலந்து சேர்க்கும் மிக்ஸிங் ஸ்டுடியோவில் தரநிலை 7. 7ஐ ஒட்டிய அளவுகளில் ஒரு புள்ளி என்பது ஏறத்தாழ 3.3 டெசிபல், 2 புள்ளி குறைத்தால் ஏறத்தாழ 6.7 டெசிபல் குறையும். காதுக்கு அது நன்றாகவே தெரியும். சத்தம் அதிகம் என்ற புகாருக்குப் பயந்து 5இலோ அதற்கும் கீழேயோ ஓட்டுகிற அரங்குகள் நிறைய. அங்கே பார்த்துவிட்டு 'வசனமே கேட்கவில்லை, மிக்ஸிங் மோசம்' என்று எழுதினால், ஒலியளவுக் குமிழ் செய்த குற்றத்துக்கு ஒலிக்கலவையாளர் தண்டனை வாங்குகிறார். இந்த இடத்தில் ரசிகர் கருத்து தங்கம். மதுரை, சேலம், நெல்லை என்று பல ஊரிலிருந்தும் ஒரே புகார் வந்தால் பெரும்பாலும் கோளாறு படத்தில். ஒரே அரங்கைப் பற்றி மட்டும் வந்தால் அந்த அரங்கில். முடிந்தால் ஆபரேட்டரிடம் எத்தனையில் ஓட்டுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடலாம்.

நகைச்சுவைப் படமும் அப்படித்தான். பத்திரிகையாளர் காட்சியில் முப்பது நாற்பது பேர், அதிலும் பாதிப் பேர் குறிப்பெடுத்துக்கொண்டு. சிரிப்பு அலைக்கு இடம் விட்டு வெட்டப்பட்ட காட்சிகள் அங்கே இழுவையாகத்தான் தெரியும். அதனால் சனி அல்லது ஞாயிறு மதியக் காட்சியில், குடும்பங்களோடு, இன்னொரு முறை பார்க்க வேண்டும். குறிப்பேட்டில் இடைவேளையிலிருந்து எத்தனையாவது நிமிடம் என்று போட்டு, எங்கே சிரித்தார்கள், எங்கே கைபேசி வெளிச்சம் வரிசையாக எரிந்தது, எந்தப் பாட்டுக்குக் கேண்டீன் பக்கம் எழுந்து போனார்கள் என்று எழுதிக்கொள்ளலாம். சாவுக் காட்சியில் அரங்கு சிரித்தால் அது கட்டாயம் விமர்சனத்தில் வர வேண்டிய செய்தி. ஆனால் 'அரங்கம் சிரித்தது' என்றுதான் வர வேண்டும். தனக்கு அழுகை வந்திருந்தால் அதையும் பக்கத்திலேயே எழுதுகிறவரே நம்பத்தக்க விமர்சகர்.

இன்னொரு தலைவலி, ரசிகர் கருத்தால் படமே மாறிவிடுவது. 2024 ஜூலை 12இல் வந்த 'இந்தியன் 2', நீளம் பற்றிய புகார்களுக்குப் பிறகு சில நாட்களிலேயே 12 நிமிடம் வெட்டப்பட்டது. வெள்ளிக்கிழமை எழுதியவர் பார்த்த படமும் அடுத்த வாரம் வாசகர் பார்க்கும் படமும் ஒன்றல்ல. இதற்கு எளிய வழி, விமர்சனத்தின் தலையிலேயே பார்த்த தேதியையும் ஓடும் நேரத்தையும் போடுவது. வெட்டிய பிரதியைப் பார்க்காமல் 'இப்போது விறுவிறுப்பாகிவிட்டதாம்' என்று கேள்விப்பட்டதைச் சேர்க்க வேண்டாம்.

வேலை ஒழுங்கு என்று பார்த்தால், படம் முடிந்ததும் போனைத் திறக்காமல் நான்கைந்து வரியில் கருத்தையும் மதிப்பெண்ணையும் எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது அதற்குப் பிறகு. இந்த வரிசை மாறினால் நம் கருத்து எது, ஒட்டிக்கொண்டது எது என்று நமக்கே தெரியாது. வெளியிட்ட பிறகு கதாபாத்திரத்தின் பெயர், ஒளிப்பதிவாளர் பெயர், கதையில் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு திருப்பம் என்று யாராவது சுட்டினால் திருத்தி, திருத்தியதைக் கீழே ஒரு வரியில் சொல்லிவிடலாம். திட்டு தாங்காமல் இரண்டரையை மூன்றாக்குவதுதான் அசிங்கம். மேலே மூன்று நட்சத்திரம் இருக்கும், உள்ளே அத்தனை குறையும் அப்படியே கிடக்கும், வாசகர் இரண்டையும் நம்ப மாட்டார்.

உண்மையிலேயே கருத்து மாறிவிட்டால்? மாறும். 2003 பொங்கலுக்கு வந்து வசூலில் தோற்ற 'அன்பே சிவம்' இன்று எத்தனை வீடுகளில் கொண்டாடப்படுகிறது. அப்போது குறைத்து எழுதிய ஒருவருக்கு இப்போது பிடித்திருந்தால், புதிய தேதியில் இரண்டாவது விமர்சனம் எழுதி, பழையதற்கு இணைப்பும் கொடுக்கட்டும். பழையதை அழிக்க வேண்டாம்.