ஜாமெட்ரி பாக்ஸில் ஒரு அட்டைத் துண்டு

கேள்வி: அம்மா, எனக்கு வயது 38. திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் அடிக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் இடுப்பில் டிஸ்க் விலகி நடக்க முடியாமல் போனது. டாக்டர் பத்து நாளைக்கு ட்ரமடாலும் பாரசிட்டமாலும் சேர்ந்த மாத்திரை எழுதிக்கொடுத்தார். வலி அடங்கியது. அப்புறம் நானே வாங்கிப் போட ஆரம்பித்து, இப்போது ஒரு நாளைக்கு எட்டு ஆகிவிட்டது. போடாவிட்டால் கொட்டாவி, மூக்கொழுகல், கால் உளைச்சல், வயிற்றுப்போக்கு. பொங்கல் லீவில் நிறுத்திப் பார்த்தேன், இரண்டாம் நாளே முடியவில்லை. அன்றைக்கு மாமியாரின் தூக்க மாத்திரையில் ஒன்றை எடுத்துப் போட்டுத்தான் படுத்தேன். கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் ஆறேழு நாள்தான் வீட்டில் இருப்பார். அவருக்குத் தெரியாது. ஒன்றரை ஷிப்ட் முடிந்து வரும்போது கடை சாத்திவிடுவதால் எட்டாவது படிக்கும் மகள்தான் ஸ்கூல் விட்டு வரும்போது மாத்திரை வாங்கி வருவாள். காலி மாத்திரை அட்டையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தால் ஜாமெட்ரி பாக்ஸில் வைத்துக்கொள்வாள். ஒரே கடையில் கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று அவளே கடை மாற்றி மாற்றி வாங்குவாள். சமத்து, யாரிடமும் சொல்ல மாட்டாள். நான் என்ன குடிக்கிறேனா, டாக்டர் எழுதிய மாத்திரைதானே? ஆனாலும் பயமாக இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம், திருப்பூர் மாவட்டம்.

பதில்: உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். இடுப்பு வலியைப் பற்றிப் பத்து வரி எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பற்றி நாலு வரி. அந்த நாலு வரியிலும் உங்களுக்குத் தப்பாக எதுவுமே படவில்லை. கடைசியில் 'சமத்து' என்று பாராட்டு வேறு.

பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு எந்தக் கடையில் நேற்று வாங்கினோம், எந்தக் கடையில் இன்றைக்கு வாங்கலாம், எந்த அண்ணன் கேள்வி கேட்பார், எந்த அண்ணன் கேட்க மாட்டார் என்று கணக்கு வைத்துக்கொள்ளத் தெரிகிறது. அதை நீங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கற்றுக்கொண்டாள். ஏன் கற்றுக்கொண்டாள்? மாத்திரை இல்லாத சாயங்காலம் அம்மா எப்படி இருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். நீங்கள் சுருண்டு படுத்திருப்பதை, எரிந்து விழுவதை, கழிவறைக்கும் பாய்க்குமாக நடப்பதைப் பார்த்திருக்கிறாள். அந்தச் சாயங்காலம் இன்னொரு தடவை வராமல் இருப்பது தன் கையில்தான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை நம்புகிறது. காம்பஸும் பென்சிலும் இருக்க வேண்டிய டப்பாவில் உங்கள் அட்டைத் துண்டைப் பத்திரமாக வைத்திருக்கிறது. இதைச் சமத்து என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவள் பயந்திருக்கிறாள்.

உங்கள் கணவர் அவள் கையில் காசைக் கொடுத்து டாஸ்மாக்குக்கு அனுப்பியிருந்தால் சும்மா இருந்திருப்பீர்களா? தெருவையே கூட்டியிருப்பீர்கள். டாஸ்மாக்கிலாவது 21 வயது ஆகாதவர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. உங்கள் மாத்திரைக்கும் விதி இருக்கிறது, தெரியுமா? ட்ரமடால் 2014 முதல் 'எச்1' பட்டியலில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் அதைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார்கள். அட்டைத் துண்டை வாங்கிக்கொண்டு யூனிஃபார்ம் போட்ட பிள்ளை கையில் மாத்திரையைக் கொடுக்கிற கடைக்காரர்கள் மேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. ஆனால் அந்தக் கடைப் படியில் அவளை ஏற்றிவிட்டது நீங்கள்.

'டாக்டர் எழுதியதுதானே' என்கிறீர்கள். அவர் எழுதியது பத்து நாளைக்கு. மிச்ச மூன்று வருடத்தை எழுதியது நீங்கள். மருத்துவர் எழுதுவதாலேயே ஒரு மருந்து பழக்கமாகாமல் இருக்காது. அமெரிக்காவில் 1996-ல் விற்பனைக்கு வந்த ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையும் மருத்துவர்கள் சீட்டெழுதிக் கொடுத்ததுதான். அது எவ்வளவு சீக்கிரம் பழக்கமாகும் என்பதை மறைத்து விற்ற குற்றத்தை அதை விற்ற கம்பெனியே 2007-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ட்ரமடாலும் அபின் வகையைச் சேர்ந்ததுதான், கொஞ்சம் வீரியம் குறைந்தது. வலியை அமர்த்த நம் உடம்பே சுரக்கும் பொருள் மூளையில் எங்கே போய் உட்காருமோ, அங்கேதான் இதுவும் உட்காருகிறது. தினமும் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் அந்த இடங்கள் மரத்துப்போகும். முன்பு கேட்ட அளவு பிறகு கேட்காது. நீங்கள் எட்டுக்கு வந்து நின்றது அப்படித்தான். கொட்டாவி, மூக்கொழுகல், கால் உளைச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம், மருந்து கிடைக்காத உடம்பு போடும் கூச்சல். பொங்கலுக்கு நீங்கள் இரண்டாம் நாளில் விட்டதும் ஆச்சரியம் இல்லை. அது உச்சத்துக்குப் போவதே இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாளுக்குள்தான்.

இன்னொன்றும் சொல்கிறேன். இந்த வகை மருந்தை நாள்பட எடுப்பவர்கள் சிலருக்கு வலி உணர்வே கூடிவிடும். சின்ன வலியும் பெரிதாகத் தெரியும். இன்றைக்கு உங்களை மாத்திரை போட வைக்கும் வலியில் எவ்வளவு டிஸ்க்கால் வருகிறது, எவ்வளவு மாத்திரையால் வருகிறது என்று உங்களால் பிரித்துச் சொல்ல முடியாது.

அப்புறம் ஒரு கணக்கு. வழக்கமாகக் கிடைக்கும் இந்தக் கூட்டு மாத்திரை ஒன்றில் ட்ரமடால் 37.5 மில்லிகிராம், பாரசிட்டமால் 325. எட்டு போட்டால் பாரசிட்டமால் மட்டும் 2600. காய்ச்சல் வந்து 500 மாத்திரை நாலு சேர்த்துப் போட்டீர்களானால் 4600. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4000 தாண்டக் கூடாது, தாண்டினால் கல்லீரல் போகும். ட்ரமடால் அளவு மீறினால் வலிப்பு வரலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாகித் தூக்கத்திலேயே நின்றுபோகலாம். பொங்கலன்று மாமியாரின் மாத்திரையைப் போட்டுக்கொண்டு படுத்தீர்களே, காலையில் உங்களை எழுப்ப முதலில் யார் வந்திருப்பார் என்று யோசித்தீர்களா?

'யாருக்கும் தெரியாமல் வீட்டிலேயே' நிறுத்த வழி கேட்டிருக்கிறீர்கள். அதற்கு நான் வழி சொல்ல மாட்டேன். யாருக்கும் தெரியாமல் இருந்ததால்தான் மூன்று வருடம் ஓடியது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மனநலப் பிரிவுக்குப் போங்கள். மனநலம் என்ற பலகையைப் பார்த்துக் கூசாதீர்கள், போதை மீட்பு சிகிச்சை அங்கேதான் நடக்கிறது. எத்தனை மாத்திரை, எத்தனை வருடம், தூக்க மாத்திரை போட்டது எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். தேவைப்பட்டால் உடம்பின் படபடப்பை அடக்கக் குளோனிடின் தருவார்கள், நாக்கடியில் வைக்கும் புப்ரினார்ஃபினும் உண்டு. இடுப்புக்கு என்ன செய்யலாம் என்று பிசியோதெரபிக்கும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், அந்த வலியும் பொய்யில்லை. முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14446 போதை மீட்புக்கான எண், 14416 மனநல ஆலோசனைக்கு. இரண்டும் இலவசம். போலீஸ் வருமோ என்று பயந்தால், தானாக முன்வந்து சிகிச்சை எடுப்பவரை வழக்கிலிருந்து காக்க அந்தப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள்.

கணவரிடம் சொல்வது உங்கள் கடமை. அவர் வீட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டாம், லோடு இறக்கிவிட்டுச் சாப்பிட உட்காரும் நேரம் எது என்று உங்களுக்குத் தெரியும், அப்போது கூப்பிடுங்கள். கோபப்படுவார். படட்டும். மூன்று வருடமாக மனைவி நாளைக்கு எட்டு மாத்திரை போடுவது தெரியாமல் ஒரு மனுஷர் குடும்பம் நடத்தியிருக்கிறார் என்றால் அதில் அவர் பங்கும் இருக்கிறது. அதையும் அவர் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். மானம் போய்விடும் என்று நினைக்கிற வீட்டில் எப்போதும் ஒரு பிள்ளைதான் அந்த மானத்தைத் தலையில் சுமக்கிறது. பெற்றவர்களின் ரகசியத்தைச் சுமப்பது பிள்ளையின் வேலை கிடையாது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

சிகிச்சை தொடங்கும்வரை இடையில் இருக்கும் நாட்களுக்கும் மாத்திரை வேண்டும் என்று மனசு சொல்லும். அப்படியானால் நாளைக்கே ஷிப்டுக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரை நாள் கூலி போனால் போகிறது. மகள் இனி ஒரு கடைக்கும் போகக் கூடாது.

இன்றைக்கு ராத்திரி அவள் படிக்க உட்காரும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து அந்தத் துண்டை நீங்களே உங்கள் கையால் எடுங்கள். 'அம்மாவுக்கு இந்த மாத்திரை நோயாகிவிட்டது, டாக்டரிடம் போகிறேன், அப்பாவிடம் சொல்லப்போகிறேன், இனி நீ வாங்க வேண்டாம், உன்னை வாங்க அனுப்பியது என் தப்பு' என்று அவளிடம் சொல்லுங்கள். அவள் அழுவாள். நாளைக்கு உனக்கு வலிக்குமே, நீ என்ன பண்ணுவாய் என்று கேட்பாள். சமத்து, அழாதே என்று சொல்லி வாயை அடைத்துவிடாதீர்கள். அழுது முடிக்கட்டும்.