வேலையை விட்டுவிட்டுக் காதல் நாவல் எழுதலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. திருக்கோவில் பக்கம் ஒரு முன்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். கைத்தொலைபேசிச் செயலி ஒன்றில் காதல் கதை தொடராக எழுதி வருகிறேன். வாசகிகள் கூடிக்கொண்டே வருகிறார்கள், பாதிப் பேர் தமிழ்நாடு. அதை 300 பிரதி அச்சடிக்கச் சொல்கிறார் தெரிந்த ஒருவர். வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா? ஒரு காதல் நாவலாசிரியரின் நாள் எப்படிப் போகும்? வீட்டுக்காரர் "இது உன்ட சொந்தக் கதையா?" என்று கேட்கிறார். புனைபெயரில் எழுதினால் சட்டச் சிக்கல் வருமா? கதைச் சுருக்கத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: வேலையை விடாதீர்கள், தங்கச்சி. முன்பள்ளிக் கொடுப்பனவு பெரிய காசில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் அது மாதம் முடிய வரும். நாவல் காசு அப்படி வராது. இந்த எழுத்தில் பிழைப்பவர்கள் ஒரு புத்தகத்தை வைத்துப் பிழைப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு கதை வரிசையாக நின்று, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறது. ஒரு புது வாசகி உங்கள் ஐந்தாவது கதைக்கு வந்து சேர்ந்தால் மற்ற நாலையும் தேடிப் போய் வாசிப்பாள். அந்த நாலும் இருக்க வேண்டுமே. அதனால் இப்போது உங்களுக்குத் தேவை முழுநாள் இல்லை. ஒவ்வொரு நாளும் யாரும் கை வைக்காத ஒன்றரை மணித்தியாலம் போதும்.

நாள் எப்படிப் போகும் என்றால், கல்லடிப் பாலத்தில் நின்று வாவியைப் பார்த்துக் கற்பனை வரக் காத்திருக்கிற நாளெல்லாம் கிடையாது. விடிய எழும்பி, தேத்தண்ணியோடு குந்தி, வீடு எழும்புமுன் புதிதாக எழுதுவது. அந்த நேரத்தில் நேற்று எழுதியதைத் திருத்தப் போகாதீர்கள். திருத்தத் தொடங்கினால் காலை அதிலேயே போய்விடும். திருத்தம், எழுத்துப்பிழை, அட்டைப்படம், மின்னஞ்சல் எல்லாம் மூளை களைத்த பின்னேரத்துக்கு. பின்னூட்டங்களுக்குப் பதில் எழுத அரை மணித்தியாலம் ஒதுக்கி, அதோடு போனை வையுங்கள். "யூடி எப்போ அக்கா?" என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்பவர்களுக்கு இரவு பதினொரு மணிக்குப் பதில் எழுதத் தொடங்கினால் விடிய எழும்ப மாட்டீர்கள். நாயகனை மாற்று, வில்லியைக் கொல்லு என்று கேட்பவர்களுக்காகக் கதையைத் திருப்பவும் வேண்டாம். ஆனால் நாலு பேர் ஒரே இடத்தில் "விளங்கவில்லை" என்றால், அந்த இடத்தைத் திரும்பப் பாருங்கள்.

தொடர் எழுதுபவருக்கு மிகப் பெரிய பாதுகாப்பு, கையில் இருக்கிற மேலதிக அத்தியாயங்கள்தான். பத்து எபியாவது (அத்தியாயம்தான்) முடித்து வைத்துக்கொண்டுதான் முதல் எபியை ஏற்ற வேண்டும். நம் பக்கத்தில் இது இன்னும் அவசியம். கார்த்திகை, மார்கழி மாரியில் கரண்ட் போகும், தாம்போதிக்கு மேலால் தண்ணி பாயும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வரும். வைகாசியில் தம்பிலுவில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்குத் திருக்கோவிலில் தீர்த்தம். வீடு நிறையச் சொந்தம் இருக்கும்போது யார் எழுதுவது? அந்தக் கிழமைகளுக்கென்றே எபி சேர்த்து வைக்கிறவர்தான் தொழிலாக எழுதுகிறவர்.

இது எப்போதுமே நேரம் பார்த்து நடக்கிற தொழில். லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூனும் கனடாவில் 1949-ல் தொடங்கிய ஹார்லெக்வினும் மாதா மாதம் புத்தகம் இறக்கித்தான் வளர்ந்தன. 1971-ல் இரண்டும் ஒன்றாகின. இந்த வரிசைக்கு 50,000 சொல் என்று எழுத்தாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அமெரிக்கக் காதல் எழுத்தாளர் சங்கம் இந்த வகைக்கு வைத்த அளவுகோல் இரண்டுதான்: கதையின் மையமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். தமிழ்நாட்டு மாத நாவலும் கிட்டத்தட்ட இந்த ஒப்பந்தத்தில்தான் ஓடியது. இருவரும் சேருவார்கள் என்பது வாசகிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். எதைத் தாண்டிச் சேருவார்கள் என்பதற்குத்தான் அவள் புரட்டுகிறாள். அதனால் தடை உண்மையாக இருக்க வேண்டும்.

இங்கேதான் உங்கள் கதைச் சுருக்கத்தோடு எனக்குச் சண்டை. கதை அக்கரைப்பற்றில் நடக்கிறது என்கிறீர்கள். நாயகி கல்யாணம் முடிந்து கணவனின் மாளிகைக்குப் போகிறாள், மாமியார் அவளை அடுப்படியில் வைத்து வாட்டுகிறார், நாயகன் விலை கூடிய ஔடி (Audi) காரில் வந்து இறங்குகிறான். அந்த மாமியார் நம்மூருக்கு எப்படி வந்தா? நம்மிடம் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குப் போகிறார். வீடு பெண்ணுக்குச் சீதனம். மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் மற்றப் பிள்ளைகளோடு பக்கத்தில் வேறொரு சின்ன வீட்டுக்கு ஒதுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தச் சீரியல் மாமியாரைக் கொண்டுவந்து வைத்தால் தமிழ்நாட்டு வாசகிக்கு அது ஆயிரத்தோராவது மாமியார். கல்முனை வாசகிக்கோ பொய்.

நம்மூர்த் தடைகள் எவ்வளவு வளமானவை என்று பாருங்கள். சம்பந்தம் பேச வந்தால் முதல் கேள்வி குடி என்ன என்பது. குடி என்கிற குலப் பிரிவு தாய்வழியாக வருகிறது, ஒரே குடிக்குள் கட்டுவதில்லை. ஓ.எல். படிக்கும் காலத்திலிருந்து ஒருவரையொருவர் விரும்பிய இரண்டு பேர், குடி கேட்கிற அன்று அண்ணன் தங்கை முறையாகி நிற்கிறார்கள். ஒரு நாவலுக்கு இது போதாதா? நம் பக்கத்து முஸ்லிம் ஊர்களிலும் குடி வழக்கமும் பெண்ணுக்கு வீடு கொடுக்கிற வழக்கமும் உண்டு என்பதால், அந்த வாசகிகளும் உங்கள் கதைக்குள் இலகுவாக வருவார்கள்.

அல்லது வீட்டையே எடுங்கள். அக்காவின் வீட்டுக்காக வயல் விற்றுப் போய்விட்டது. தங்கையின் வீடு லின்டல் மட்டத்தில் நிற்கிறது, மேலே நீட்டிக்கொண்டிருக்கிற கம்பியெல்லாம் துரு. அடுக்கி வைத்த கல்லில் பாசி. கூரை போடாமல் கல்யாணப் பேச்சு இல்லை. காதலன் கட்டாருக்குப் போகிறான், இரண்டு வருட ஒப்பந்தம். அங்கேயிருந்து, பெண்ணின் தகப்பன் கட்ட வேண்டிய வீட்டுக்கு, மேசன் வழியாகக் களவாகக் காசு அனுப்புகிறான். மேசன் குறைந்த கூலிக்குச் செய்கிறார் என்றே தகப்பன் நம்பிக்கொண்டிருக்கிறார். ஒரு நாள் உண்மை தெரிய வருகிறது. அவருக்குக் கோபம் வருமா, அழுகை வருமா? நானென்றால் முதல் இருபது எபியும் அந்த வீட்டைச் சுற்றியே ஓட்டுவேன். இப்படியான விவரம் கதிரையில் இருந்தால் கிடைக்காது. மேசனிடம் கூரை ஓட்டின் விலை கேளுங்கள், கலியாணத் தரகரோடு கதையுங்கள், நகை அடகு பிடிக்கிற இடத்தில் வரிசையில் நில்லுங்கள். நியமனம் கிடைத்த பட்டதாரிப் பெண்ணுக்குத் தூர இடத்தில் பாடசாலை விழுந்தால் வீட்டில் என்ன கதைப்பார்கள் என்று காது கொடுங்கள். காதல் நாவலாசிரியரின் வேலை நேரத்தில் இதுவும் சேர்த்திதான்.

உரையாடலையும் நம்மூராக விடுங்கள். "மறுகா வாறன்" என்று நாயகி சொன்னால் மதுரை வாசகிக்கு இடம் பார்த்து விளங்கும். விளக்கக் குறிப்புப் போட வேண்டாம். விவரிப்பை மட்டும் எல்லாருக்கும் பொதுவான எழுத்துத் தமிழில் வையுங்கள்.

ஒரு விஷயம் கேட்காமலே சொல்கிறேன். கட்டாயத் தாலி கட்டி, அறைந்து, பிறகு காதலிக்கிற ஆன்டி ஹீரோ கதைக்கு வாசிப்பு எண்ணிக்கை ஏறும், உண்மை. எனக்குப் பிடிக்காது. அவள் 'இல்லை' என்று சொன்ன இடத்தில் அவன் நிற்கிற காட்சியை நன்றாக எழுதத் தெரிந்தால், அதற்கும் வாசகிகள் வரத்தான் செய்வார்கள்.

சரி, 300 பிரதி. உதாரணத்துக்குக் கணக்குப் பார்ப்போம், விலைகளை உங்கள் அச்சகத்தில் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பிரதி ஒன்றுக்கு அடக்கம் 400 ரூபாய் என்றால் மொத்தம் 1,20,000. விற்பனை விலை 700 என்று போடுகிறீர்கள். கடைக்காரர் 30 வீதம் கழிவு கேட்டால் உங்கள் கைக்கு வருவது 490. போட்ட காசு திரும்ப 245 பிரதி விற்க வேண்டும். மிச்சம் 55. அந்த 55-ம் எங்கே போகும் தெரியுமா? விமர்சனம் எழுதுகிறவர், மேடையில் இருந்தவர்கள், "ஒரு புத்தகம் தரமாட்டியா" என்று கேட்கிற சொந்தம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி வாங்குகிறவரும் கவர் தருகிறவர்களும் கணக்கைத் தூக்கிவிடுவார்கள் என்பது சரிதான். ஆனால் மண்டபம், ஒலிபெருக்கி, சிற்றுண்டிக்கும் காசு வேண்டும். ஆகவே முதல் தடவை 100 பிரதி போதும். டிஜிட்டல் முறையில் அச்சடித்தால் பிரதி விலை கொஞ்சம் கூடும், அலுமாரிக்கு மேலே பெட்டிகள் சேராது. கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் எழுத்தாளர்களிடம் நூல் வாங்க அறிவித்தல் விடும்போது விண்ணப்பியுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன் எழுத்துருவைக் கேளுங்கள். நம் பக்க அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துரு இன்னும் ஓடுகிறது. நீங்கள் போனில் அடிப்பது யூனிகோட். மாற்றும்போது இலக்கங்கள், மேற்கோள் குறிகள், இடையில் வந்த ஆங்கிலச் சொற்கள் குழம்பக்கூடும். "ஓகே" என்பதை ஆங்கில எழுத்தில் அடித்திருந்தால், அச்சில் அர்த்தமில்லாத இரண்டு தமிழ் எழுத்து நிற்கும். யூனிகோடிலேயே பக்கம் கட்டுகிற அச்சகம் கிடைத்தால் அங்கே போங்கள். கிடைக்காவிட்டால், மாற்றிய பிறகு கடதாசியில் எடுத்து, பேனையோடு இருந்து ஒரு தடவை முழுதாக வாசியுங்கள். திரையில் தப்புகிற பிழை கடதாசியில் மாட்டும். பக்க எண்ணிக்கை 16-இன் மடங்கில் வருகிறதா என்றும் பாருங்கள், இல்லாவிட்டால் கடைசியில் வெறும் பக்கத்துக்குக் காசு கொடுப்பீர்கள்.

ஐ.எஸ்.பி.என். என்கிற நூல் அடையாள இலக்கத்தைக் கொழும்பு 7-இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை தருகிறது. இலங்கைக்கு உரிய குறியீடு 955, பின்னால் 624-உம் சேர்ந்தது. அச்சடிக்கத் தொடங்குமுன் விண்ணப்பிக்க வேண்டும். அச்சுப் பிரதிக்கும் மின்னூலுக்கும் இலக்கம் வேறு வேறு.

உரிமை விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி நீங்கள் எழுதிய கணமே பதிப்புரிமை உங்களுடையது. பதிவு செய்யத் தேவையில்லை. உங்கள் ஆயுள் முழுக்கவும் அதற்குப் பின் 70 வருடமும் இருக்கும். உரிமையை இன்னொருவருக்குக் கொடுப்பதென்றால் இரண்டு தரப்பும் கையொப்பமிட்ட எழுத்து வேண்டும். அந்த எழுத்தில் நாலு விஷயத்தைத் தேடுங்கள்: எந்த வடிவம் (அச்சா, மின்னூலா, ஒலிநூலா), எத்தனை வருடத்துக்கு, எத்தனை பிரதி, கணக்கு எப்போது காட்டுவார்கள். "சகல உரிமைகளும்" என்று ஒரு வரி இருந்தால் பேனையை மூடி வையுங்கள். செயலியில் ஏற்றும்போதும் அதே கவனம்தான். அவர்களுக்கு மட்டும் என்று கொடுக்கிறீர்களா, வேறிடத்திலும் போடலாமா என்று நிபந்தனையை வாசிக்காமல் அழுத்தாதீர்கள். கதையை முடித்த அன்றே உங்கள் மின்னஞ்சலுக்கே ஒரு பிரதி அனுப்பி வைத்தால் தேதியோடு கிடக்கும். டெலிகிராம் குழுவில் யாராவது பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் அது உதவும். போடுவார்கள், அதற்கும் தயாராகவே இருங்கள்.

அதே சட்டம் உங்களையும் கட்டும். எபிக்கு நடுவே சினிமாப் பாட்டு வரிகளைப் போடுவது நம்மவர்களின் பழக்கம். அச்சில் எடுத்துவிடுங்கள். அட்டையில் கூகிளில் எடுத்த நடிகர் படமும் வேண்டாம். வாவியோரத்தை உங்கள் போனிலேயே ஒரு படம் எடுத்துப் போட்டால் தலைவலி இல்லை.

வீட்டுக்காரரின் கேள்விக்கு வாதம் செய்து வெல்ல முடியாது. ஊர் சின்னது, யாரோ ஒருவர் "இது இன்னாரின் மகள்தானே" என்று சொல்லத்தான் போகிறார். ஒரு பாத்திரத்தை ஒரே ஆளிலிருந்து எடுக்காதீர்கள். நடை ஒருவரிடமிருந்து, தொழில் இன்னொருவரிடமிருந்து, பேச்சு மூன்றாமவரிடமிருந்து. ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாற்றுங்கள். வீட்டுக்காரரிடம் அச்சகக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள், அவருக்கும் அது தொழிலாகத் தெரியத் தொடங்கும்.

புனைபெயரில் சட்டச் சிக்கல் இல்லை. தன் பெயரைப் போடாமல் புனைபெயரில் வெளியிடுவது எழுத்தாளரின் உரிமை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. புனைபெயரில் வந்து, எழுதியவர் யாரென்று கடைசிவரை தெரியாமலே போனால், 70 வருடத்தை முதல் வெளியீட்டிலிருந்து எண்ணுவார்கள். அது மட்டும்தான் வித்தியாசம். ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் தேசிய அடையாள அட்டையில் உள்ள பெயரிலேயே இருக்கட்டும். ஒப்பந்தத்தில் இரண்டு பெயரையும் எழுதச் சொல்லுங்கள். பெயரை முடிவு செய்யுமுன் செயலியிலும் 'நூலகம்' என்ற இணையத் தளத்திலும் தேடிப் பாருங்கள், அதே பெயரில் வேறொருத்தி எழுதிக்கொண்டிருக்கக் கூடும். இருந்தால் இப்போதே மாற்றுங்கள். முதல் புத்தகம் வந்த பிறகு மாற்றினால், உங்களைத் தேடுகிற வாசகி அந்த மற்றவரின் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போவாள்.