சூப்பர்வைசரின் நோட்டு மூடப்பட்ட பிறகு

கேள்வி: திருப்பூரில் அப்பா தொடங்கிய பனியன் கம்பெனியை இப்போது நான் நடத்துகிறேன். எண்பது மெஷின்கள், டைலர்களுக்குப் பீஸ் ரேட், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. ஐந்து மாதங்களுக்கு முன் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு டேப்லெட் பொருத்தினோம். பண்டில், அதாவது வெட்டிய துணிகளின் கட்டு, தைத்து முடிந்ததும் அதிலுள்ள சீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். யார் மணிக்கு எத்தனை பீஸ் என்பது லைன் முனையிலுள்ள பெரிய திரையில் பெயரோடு ஓடும். என் கைப்பேசிக்கும் வரும். ஆனால் உற்பத்தி ஏறவில்லை. பலர் சாயங்காலம் மொத்தமாக ஸ்கேன் செய்கிறார்கள். 22 ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் சூப்பர்வைசர் அண்ணன் கேட்டால்தான் பேசுகிறார். நல்ல டைலர்கள் மூன்று பேர் நின்றுவிட்டார்கள். மென்பொருள் கம்பெனி மறுபடியும் பயிற்சி கொடுக்கலாம் என்கிறது. கொடுக்கட்டுமா?

பதில்: வேண்டாம். சாயங்காலம் இருபது பண்டிலையும் வரிசையாக ஸ்கேன் செய்கிறவருக்கு அந்த வேலை நன்றாகவே தெரியும். தன் பெயருக்கு நேரே மணிக்கு மணி எண் ஏறுவதையும் இறங்குவதையும் ஊர் பார்க்க வேண்டாம் என்று அவர் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.

அண்ணன் வைத்திருந்த நோட்டை நினைத்துப் பாருங்கள். நீள நோட்டு, காதில் செருகிய பென்சில், பெயருக்கு நேரே நான்கு கோடுகள், ஐந்தாவது குறுக்கே. கட்டிங்கிலிருந்து பண்டில் வரத் தாமதமான மணியில் கோடு குறைந்திருந்தால் அவர் யாரையும் கேட்டிருக்க மாட்டார். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூங்காமல் வந்தவரை அன்று மட்டும் கழுத்து வேலையிலிருந்து எடுத்து, சுலபமான நேர்த்தையலில் உட்கார வைத்திருப்பார். துணியை எடுத்துக் கொடுத்து உதவும் கைமடி வராத நாளில் டைலரின் கணக்கு குறையும் என்பது அவருக்குத் தெரியும். இப்போது இவை எல்லாமே திரையில் ஒரே சிவப்பு எண்ணாக வருகின்றன.

இதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. முன்பு லைனில் என்ன நடந்தாலும் அண்ணன் சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். இப்போது அவருக்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடுகிறது. "மூன்றாவது லைன் ஏன் குறைகிறது அண்ணா?" என்று நீங்கள் போனில் சாதாரணமாகக் கேட்கிறீர்கள். தான் இன்னும் பார்க்காத ஒன்றுக்கு அவர் அந்த நிமிடமே பதில் சொல்லியாக வேண்டும். யாருக்கு முதலில் தெரியும், யார் யாரைக் கேட்கலாம், தவறை யார் வாய்விட்டுச் சொல்லலாம்: ஒரு நிறுவனத்தின் பண்பாடு என்று நான் சொல்வது இவற்றைத்தான். டேப்லெட் வந்த அன்றே மூன்றும் மாறிவிட்டன. அப்படி மாற வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை.

ஜவுளித் தொழிலில் இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அகமதாபாத் காலிகோ ஆலையில் 1952-ல் தானியங்கித் தறிகளை ஓட்டத் தொடங்கினார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. லண்டன் டேவிஸ்டாக் ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர் ஏ.கே. ரைஸ் 1953-ல் அங்கே சென்று பார்த்தார். புதிய தறிக்காக வேலையைப் பல துண்டுகளாகப் பிரித்திருந்தார்கள். ஒரு நெசவாளரிடம் 24 அல்லது 32 தறிகள். ஊடைநூல் கண்டு நிரப்புபவரிடம் 40 முதல் 50 தறிகள். அறுந்த இழைகளைச் சரிசெய்பவரிடம் இன்னும் அதிகம். எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால், தறி நின்றால் அது யார் தறி என்று சொல்ல ஆள் இல்லை. குறிப்பிட்ட தறிகளுக்கு ஒரு சிறு குழு என்று அமைக்கலாம் என்றார் ரைஸ். யார் யாரோடு சேருவது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்துகொண்டார்கள். தொடக்கத்தில் தடுமாற்றம் இருந்தது. அது தீர்ந்தபின், அதே தறிகளில் உற்பத்தித் திறன் உயர்ந்தது, பழுது குறைந்தது. எழுபது ஆண்டுகள் கடந்தும் நம் கம்பெனிகள் மென்பொருளுக்குச் செலவிடும் யோசனையில் பத்தில் ஒரு பங்கைக்கூட இதற்குச் செலவிடுவதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நாளைக் காலையே திரையிலிருந்து பெயர்களை எடுத்துவிடுங்கள்; லைன் மொத்தம் மட்டும் போதும். உங்கள் கைப்பேசிக்கு மணிக்கு மணி வரும் கணக்கையும் நிறுத்தச் சொல்லுங்கள். அது டைலருக்கும் அண்ணனுக்கும் போகட்டும். உங்களுக்கு நாள் முடிவில் ஒரு முறை வந்தால் போதும். முதல் வாரம் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, டேப்லெட்டில் ஐந்து பொத்தான்கள் கேளுங்கள்: பண்டில் வரவில்லை, மெஷின் பழுது, ஊசி உடைந்தது, நூல் அல்லது லேபிள் வரவில்லை, கட்டிங் தவறு. இப்போது அந்தக் கருவி தொழிலாளியின் குறையை மட்டும் எண்ணுகிறது. நிர்வாகத்தின் குறையையும் அது எண்ணட்டும். அப்படி வரும் புகாரில் ஒன்றையாவது அந்த வாரத்துக்குள் சரிசெய்து, லைனில் போய்ச் சொல்லுங்கள். ஒன்றுகூடச் சரியாகவில்லை என்றால் இரண்டாவது வாரம் யாரும் பொத்தானைத் தொட மாட்டார்கள்.

கூலி விஷயத்தில் கவனமாக இருங்கள். சனிக்கிழமை சம்பளம் போடும்போது ஸ்கேன் 412 என்றும் டைலரின் சீட்டு 440 என்றும் காட்டினால், அடுத்த இரண்டு மாதங்களுக்கு அதிகமான எண்ணுக்கே பணம் கொடுங்கள். சில ஆயிரம் ரூபாய் கூடுதலாகப் போகலாம். ஒன்றரை ஷிப்ட் உழைத்தவரிடம் "கம்ப்யூட்டர் இப்படித்தான் சொல்கிறது" என்று சொல்லி இழப்பதை அந்தப் பணத்தால் திரும்ப வாங்க முடியாது.

அண்ணனிடம் பேசுவதுதான் கடினம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். உங்கள் அறைக்குக் கூப்பிடாதீர்கள். டீ நேரத்தில் அவர் இருக்கும் இடத்துக்குப் போங்கள். "உங்களைக் கேட்காமல் வைத்துவிட்டேன் அண்ணா, தப்புதான்" என்று சொல்லுங்கள். பிறகு பழைய நோட்டை எடுத்துவரச் சொல்லி, ஒவ்வொரு பக்கமாக, இந்தக் குறி எதற்கு, இவரை ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். அதில் திரைக்கு வர வேண்டியது எது, அவரிடமே இருக்க வேண்டியது எது என்று அவரே சொல்லட்டும். யாரை எந்த வேலையில் உட்கார வைப்பது என்ற முடிவு அவரிடமே இருக்கட்டும். மணிக்கணக்கு அதற்கு அவருக்கு உதவும்.

விலகிய மூவரில் ஒருவரையாவது போனில் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேளுங்கள். அந்த அழைப்பில் திரும்ப வரச் சொல்லாதீர்கள்.

இரண்டு மாதங்கள் கழித்து ஸ்கேன் ஆன நேரங்களைப் பாருங்கள். உற்பத்தி எண்ணை அதற்குப் பிறகு பார்க்கலாம். பதினோரு மணிக்கு முடிந்த பண்டில் பதினோரு மணிக்கே ஸ்கேன் ஆகிறதா? "பண்டில் வரவில்லை" என்ற பொத்தானை யாராவது தயங்காமல் அழுத்துகிறார்களா? அப்போதும் சாயங்காலம்தான் மொத்தமாக ஏறுகிறது என்றால், அண்ணனோடு பேசியதில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. மறுபடியும் டீ நேரத்தில் போய் உட்காருங்கள்.